மேல்வீட்டு மோட்டாரும் என் காதும்

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில், விடியற்காலை மூன்று மணிக்கு மாடி வீட்டுக் கதவைத் தட்டி, "இந்த நேரத்துல மோட்டாரைப் போட்டுத் தண்ணிய உறிஞ்சினா நாங்கல்லாம் இன்னா பண்றது?" என்று கத்தினேன். அந்த அக்கா தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தார். ஒரு வார்த்தை பேசாமல் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து மோட்டார் மேல் வைத்தார். இரும்பு ஜில்லென்று இருந்தது. ஆனாலும் எனக்கு அந்த 'கொய்ங்' கேட்டுக்கொண்டேதான் இருந்தது. மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றாமல் வந்து படுத்துவிட்டேன். படுத்ததும் சத்தம் இன்னும் பெரிதானது. சத்தம் தெருவில் இல்லை, என் தலைக்குள் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றையிலிருந்து அடுத்த ஏழு மாதம் நான் செய்ததில் பாதிக்கு மேல் தப்பு. முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. தூக்கம் போனது, கடையில் வருகிறவர்களிடம் வள்ளென்று விழுந்து நாலைந்து வாடிக்கையாளர்களும் போனார்கள். காதில் சத்தம் கேட்கிறது என்று சொன்னால் "பூச்சி போயிருக்கும்", "பித்தம்", "பேய் புடிச்சிருக்கும் போ" என்றார்களே தவிர, அதற்கு டின்னிட்டஸ் என்று ஒரு பெயர் இருக்கிறது, முதலில் இன்னதைச் செய் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்களுக்கு வட சென்னைக் கொருக்குப்பேட்டையில் மாவு மில். அப்பா ஆரம்பித்தது, இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். அரிசி, கோதுமைக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று, கேழ்வரகு, சத்துமாவுக்கு ஒன்று என்று மூன்று மெஷின். ஆடியில் கூழுக்குக் கேழ்வரகு, தீபாவளிக்கு முறுக்கு மாவு. இந்த இரண்டு சீசனும்தான் எங்களுக்குச் சோறு போடுவது. தீபாவளிக்கு முன்னால் பத்து பன்னிரண்டு நாள் காலை ஆறுக்குப் போட்ட மெஷினை ராத்திரி பத்தரைக்குத்தான் நிறுத்துவோம். அந்த நாட்களில் கடையை மூடி வீட்டுக்கு வந்தால் காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும், கூடவே ஒரு 'கொய்ங்'. இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். வருடா வருடம் அப்படித்தான், நான் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொண்டதில்லை. அந்த வருடம் அது போகவில்லை. ஐப்பசி, கார்த்திகையெல்லாம் ராத்திரி ஃபேன் சத்தத்தில் அது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மார்கழிக் குளிருக்கு ஃபேனை நிறுத்தினோம், அது வெளியே வந்துவிட்டது.

அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட "உங்க அப்பா ரொம்பக் கோவக்காரரோ?" என்று கேட்டார்கள். கோபம் இல்லை, அவருக்குக் காது கேட்கவில்லை. வயசானால் அப்படித்தான் என்று நாங்கள் விட்டுவிட்டோம். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டுதான்.

சரி, முதல் தப்புக்கு வருகிறேன். அத்தை பூண்டைத் தட்டிப்போட்டு நல்லெண்ணெயைக் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் காதில் விட்டார். பாவம், அன்பாகத்தான் செய்தார். இரண்டு நாள் இதமாக இருந்த மாதிரி இருந்தது. அப்புறம் நானே பட்ஸ் வைத்துக் குடைந்தேன், அழுக்கு வெளியே வந்தால் சத்தமும் போய்விடும் என்று நினைத்து. நடந்தது தலைகீழ். இருந்த கொஞ்சநஞ்ச அழுக்கும் உள்ளே போய்ச் செவிப்பறைப் பக்கம் கெட்டியாக அடைத்துக்கொண்டது. வெளிச் சத்தம் குறைந்தது, உள்ளே இருந்த சத்தம் கூடியது. காதில் அழுக்கு அடைப்பதே இந்தச் சத்தத்துக்கு ஒரு காரணமாக இருக்க முடியும், அதைச் சரியாக எடுத்தால் சிலருக்கு அதோடு முடிந்தும் போகும். ஆனால் எடுக்க வேண்டியவர் ஈ.என்.டி. டாக்டர். பட்ஸ், ஹேர்பின், சாவி, தீக்குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் விடுவதும் ஆபத்து, ஓட்டை இருக்கிறதா என்பது பார்க்காமல் தெரியாது.

அப்புறம் பக்கத்துத் தெரு கிளினிக். டார்ச் அடித்துப் பார்த்தார், "நரம்பு வீக்" என்றார், மாத்திரை எழுதினார். மூன்று மாதம், ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் நானூறு. மாத்திரைக்கு நாலாயிரத்து முந்நூறு. அந்தச் சீட்டை நான் வைத்திருக்கிறேன்: ஒன்று பீட்டாஹிஸ்டின், ஒன்று ஜிங்கோ, ஒன்று வைட்டமின். பீட்டாஹிஸ்டின் என்பது மெனியர் மாதிரியான காது நோயில் வரும் தலைச்சுற்றலுக்குக் கொடுக்கிற மருந்து. எனக்கு ஒரு நாளும் தலை சுற்றியதில்லை. காதிரைச்சலுக்காக மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டுகிற நைஸ் அமைப்பு 2020-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஜிங்கோ, துத்தநாகம் மாதிரியான சத்து மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்க ஈ.என்.டி. டாக்டர்கள் சங்கம் 2014-ல் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது மாத்திரை தீர்ந்ததும் அடுத்த அட்டை வாங்க ஓடினேன். கடைசியில் "எதுக்கும் தலையில ஒரு ஸ்கேன் பாத்துடலாம்" என்றார். எம்.ஆர்.ஐ., எட்டாயிரத்து ஐந்நூறு. அந்தக் குழாய்க்குள் படுத்திருந்த அரை மணி நேரமும் கட்டி இருக்குமோ, மகள் பிளஸ் டூ முடிக்கும்வரையாவது இருப்பேனோ என்று அழுதுகொண்டே கிடந்தேன். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் பயந்தேன். கண்டுபிடிக்கவே முடியாத வியாதி போல என்று. இவ்வளவுக்கும் அதுவரை ஒருவர்கூட எனக்குக் காது கேட்கிற அளவைச் சோதித்துப் பார்க்கவில்லை. எது முதலில், எது கடைசியில் என்பது மொத்தமாகத் தலைகீழாக நடந்திருக்கிறது.

இதற்கு நடுவில் ராத்திரிகள். பகலில் மில் சத்தத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் வீட்டில் யாரும் நம்பவில்லை. ஒரு ராத்திரி என் வீட்டுக்காரரை எழுப்பி, "என் காதுகிட்ட உங்க காத வெச்சிப் பாருங்களேன், வெளிய கேக்குதான்னு" என்றேன். மனுஷன் எழுந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, என் காதோடு தன் காதை ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். "உன் மூச்சுதாம்மா கேக்குது" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பின்னால் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சிலருக்கு அந்தச் சத்தம் உண்மையிலேயே வெளியே கேட்குமாம், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கேட்கிற வகை ஒன்று அபூர்வமாக உண்டாம்.

தூக்கம் இல்லாதவன் கையில் செல்போன் இருந்தால் என்ன ஆகும்? விளம்பரம் வந்தது. ஏழு நாளில் காதிரைச்சல் காணாமல் போகும், மூலிகை, கையெடுத்துக் கும்பிடும் பெரியவர் படம். 4,999 ரூபாய். ஆர்டர் போட்டது ராத்திரி இரண்டே முக்காலுக்கு. அந்த நேரத்தில் யாரும் எதையும் வாங்கக் கூடாது என்று ஒரு சட்டம் போடலாம். வந்த டப்பாவில் என்ன மருந்து என்றே எழுதியிருக்கவில்லை. பதினைந்து நாள் சாப்பிட்டேன், வயிறு கெட்டதுதான் மிச்சம்.

அடுத்தது காது மிஷின் கடை. "இலவசப் பரிசோதனை" என்று போர்டு. ஏசி ரூமில் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டார்கள், வெளியே ஆட்டோ ஹாரன் கேட்கிறது, அதற்குள் பரிசோதனை. பத்து நிமிடத்தில் முடிவு: இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம், இன்றைக்கே போட்டால் இருபது சதவீதம் தள்ளுபடி, சத்தம் நின்றுவிடும் என்று உத்தரவாதம். பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டினேன். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கி, மறுநாள் போய்க் கேட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது என்று ரசீதின் பின்னால் சின்ன எழுத்தில் இருந்தது. காது மிஷினே மோசடி என்று சொல்ல வரவில்லை. நானே இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன். சத்தம் நிற்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தாலும், அவர் டாக்டரானாலும் கடைக்காரரானாலும், எழுந்து வந்துவிடுங்கள். அதைக் கொடுக்க இன்றைக்கு யாராலும் முடியாது.

கணக்குப் பார்த்தால் கிளினிக்கும் மாத்திரையும் 6,300, ஸ்கேன் 8,500, மூலிகை 4,999, அட்வான்ஸ் 10,000, துளி மருந்து அது இது என்று 700. மொத்தம் 30,499 ரூபாய். எத்தனை படி அரைத்தால் இந்தப் பணம் என்று கணக்குப் போட்டேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

பணத்தைவிட ஒன்று இருக்கிறது, அதை எழுத யோசித்தேன். பங்குனியில் ஒரு வாரம், இந்தச் சத்தத்தோடு இன்னும் முப்பது வருடம் இருக்க வேண்டுமா, வேண்டாமே என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. இந்த வியாதிக்காரர்களுக்கு அப்படித் தோன்றுவது உண்டு, அது பைத்தியமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை, தூக்கம் கெட்ட மூளையின் பேச்சு. உங்களுக்கும் தோன்றினால் சத்தத்துக்கு வைத்தியம் அப்புறம் பார்க்கலாம், முதலில் அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியவில்லையென்றால் அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

என்னைத் திருப்பியது ஒரு வாடிக்கையாளர். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், மாதா மாதம் சத்துமாவு அரைக்க வருவார். அந்த முறை நான் பேசுவதற்கு மறுபக்கக் காதைத் திருப்பினார். கேட்டால், சித்திரையில் ஒரு நாள் காலையில் எழும்போதே வலது காது 'டொப்'பென்று அடைத்துச் சத்தம் வந்ததாம். அழுக்கு என்று துளி மருந்து விட்டுக்கொண்டே மதுரை, தூத்துக்குடி என்று ஒரு மாதம் வண்டி ஓட்டியிருக்கிறார். அப்புறம் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்பா அன்னிக்கே வரல?" அந்தக் காது திரும்பவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு காது திடீரென்று, ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாளில், மந்தமாகிச் சத்தம் வந்தால் அது அவசரம். நரம்பு சம்பந்தப்பட்டதாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள், அது முதல் சில நாளில், அதிகபட்சம் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்க முடியும். பின்னால் டாக்டர் எனக்கு ஒரு சின்ன வித்தை சொல்லிக் கொடுத்தார். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் அந்த முனகல் கூடுதலாகக் கேட்டால் அழுக்கு, சளி மாதிரி அடைப்பாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் போனால் நரம்பாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும், வீட்டில் முனகிப் பார்த்துவிட்டு முடிவு எடுத்துவிடக் கூடாது.

அவர் சொன்னதைக் கேட்டு அடுத்த வாரமே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்போது ஆடி பிறந்துவிட்டது, கேழ்வரகு சீசனை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி ஈ.என்.டி. வரிசையில் உட்கார்ந்தேன். ஏழு மாதத்தில் யாரும் கேட்காத கேள்விகளை அந்த டாக்டர் ஐந்து நிமிடத்தில் கேட்டார். ஒரு காதிலா, இரண்டிலா? 'கொய்ங்' என்று ஒரே மாதிரியா, நாடித் துடிப்போடு சேர்ந்து 'டுப் டுப்' என்றா? தலை சுற்றுகிறதா? திடீரென வந்ததா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? என்ன வேலை? ஒரே காதில் மட்டும் இருந்தால், அல்லது இரண்டு காதின் கேட்கும் அளவும் ரொம்ப வித்தியாசமாக இருந்தால், காது நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் தேவைப்படும். நாடியோடு சேர்ந்து துடித்தால் ரத்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை, ஆக அந்த எட்டாயிரத்து ஐந்நூறு வீண். ஆஸ்பிரினை அதிக அளவில் சாப்பிடுவது, ஜென்டாமைசின் மாதிரி சில ஊசி, சில கேன்சர் மருந்து, இவற்றாலும் காதில் சத்தம் வரலாம் என்றார். அதனால் போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பி.பி. பார்த்தார், ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். நான் குடைந்து அடைத்துவைத்த அழுக்கை எடுத்தார். அப்புறம் கேட்கும் திறன் பரிசோதனைக்கு அனுப்பினார்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனமான கதவு, சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் பலகை. கதவைச் சாத்தியதும் உலகமே நின்றுபோய், என் காதுச் சத்தம் மட்டும் மில் மெஷின் மாதிரி எழுந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னப் பெண் மைக்கில், "அக்கா, இந்த ரூம்ல உட்கார்ந்தா எல்லாருக்குமே ஏதோ கேக்கும், பயப்படாதீங்க" என்றது. சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறது என்று நினைத்தேன். இல்லையாம். 1953-ல் அமெரிக்காவில் காது நன்றாகக் கேட்கிற 80 பேரைச் சத்தமே புகாத அறையில் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்களாம். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. எனக்கு அந்த ஒரு தகவலே பாதி மருந்து.

'பீப்' கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். சில 'பீப்'புக்கும் என் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் திண்டாடினேன். முடிந்ததும் அந்தப் பெண் ஒரு கட்டம் போட்ட தாளைக் காட்டியது. கோடு நேராக வந்துகொண்டிருந்து, 4,000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சத்தம் வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி, கொஞ்சம் ஏறியது. "அக்கா, மெஷின் சத்தத்துல வேலை பாக்கறவங்களுக்கு இந்தப் பள்ளம் இப்படித்தான் வரும்" என்றது. எனக்கு அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. அவரை ஒரு நாள் இங்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

காதுக்குள் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 செல்கள், நுனியில் முடி முடியாக. சத்தத்துக்கு அவை அசைந்து நரம்புக்குச் சேதி அனுப்பும். பெரிய சத்தத்தில் அவை சாய்ந்துவிடும், ஓய்வு கொடுத்தால் எழுந்துகொள்ளும். தீபாவளிக்கு அப்புறம் மூன்று நாளில் சரியானதற்கு அதுதான் காரணம். திரும்பத் திரும்ப அடித்தால் செத்துப்போகும். மனிதனுக்கு அவை மறுபடி முளைக்காது. செத்த செல் சேதி அனுப்பாது இல்லையா, அப்போது மூளை என்ன செய்கிறது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "தண்ணி லாரி வராத நாள்ல என்ன செய்வீங்க அக்கா?" என்று திருப்பிக் கேட்டது. குடத்தை வாசலில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எந்த வண்டி போனாலும் லாரி ஹாரன் மாதிரியே கேட்கும். "அதேதான். வராத சத்தத்துக்காக மூளை காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அது கேக்கறது அதோட சொந்தச் சத்தம்தான்."

அடுத்து என்னை மடக்கிய கேள்வி: "கொருக்குப்பேட்டைன்றீங்க, ராத்திரி கூட்ஸ் வண்டி போறப்ப முழிச்சிக்குவீங்களா?" எங்கள் வீட்டிலிருந்து ரயில்வே லைன் கல்லெறிகிற தூரம். கூட்ஸ் போனால் அலமாரியில் பாத்திரம் ஆடும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அலறி எழுந்து உட்காருவார்கள், நாங்கள் புரண்டுகூடப் படுக்க மாட்டோம். வண்டி நின்றுபோகவில்லை, மூளை அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிட்டது. இந்தச் சத்தத்துக்கும் அதுதான் வழி என்றார்கள். சத்தத்தை ஒழிக்கிற மாத்திரை இதுவரை கிடையாது. ஆனால் சத்தத்தின் மீதான பயத்தை எடுத்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அது கூட்ஸ் வண்டி ஆகிவிடும். நான் ஏழு மாதமாக அதை ஒவ்வொரு ராத்திரியும் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறேன்.

காது மிஷினுக்கு வருகிறேன். காது மந்தம் இருக்கிறவர்களுக்கு மிஷின் போட்டால் வராத சேதி மறுபடி வர ஆரம்பிக்கும், காதிரைச்சலின் தொந்தரவும் பலருக்குக் குறையும். காது நன்றாகக் கேட்கிறவர்களுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. பெரம்பூரில் ஒரு ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்து மிஷின் பொருத்துகிறவர்) இரண்டு வாரம் போட்டுப் பார்த்து, பிடித்த பிறகுதான் வாங்கினேன், இரண்டும் சேர்த்து 34,000. ஆடியாலஜிஸ்ட் என்று போர்டு போட்டவர்களிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போட்டுப் பார்க்கக் கொடுக்காத இடத்தில் வாங்காதீர்கள். முதல் நாள் மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனேன், குக்கர் விசில் அடித்தது. தூக்கிவாரிப் போட்டுவிட்டது. இத்தனை நாள் மகள் வந்து "அம்மா, அஞ்சு விசில் ஆச்சு" என்று அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள், நான் அவளுக்குச் சமையலில் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூக்கத்துக்கும் பயத்துக்கும் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். ஆறு முறை, ஒவ்வொன்றும் எண்ணூறு. சி.பி.டி. என்கிறார்கள், பேசிப் பேசியே நம் நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றுவது; காதிரைச்சல் தரும் துன்பத்தைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை அது. சத்தத்தின் அளவு குறையாது, அதனால் நாம் படுகிற பாடு குறையும். மனசுக்கு வைத்தியம் என்றால் என் காதுச் சத்தம் பொய் என்கிறார்களா என்று முதலில் கோபம்தான் வந்தது. போன பிறகு தெரிந்தது, அந்த அம்மா சத்தத்தைப் பற்றி அதிகம் பேசவே இல்லை. ராத்திரி எழுந்ததும் முதலில் மனதில் ஓடுகிற வாக்கியத்தை எழுதச் சொன்னார். நான் எழுதியது: 'இது நிற்கவே நிற்காது, நாளைக்குக் கடையில் விழுந்துவிடுவேன்.' ஏழு மாதத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று கேட்டார். ஒரு முறையும் இல்லை. இப்படி ஒவ்வொரு வாக்கியத்தையும் பிடித்துப் பிடித்துக் கேட்பார். காதில் சத்தம் இருக்கிறதா என்று அடிக்கடி சோதித்துப் பார்ப்பதை நிறுத்தச் சொன்னார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். நான் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை காதைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரிக்குச் செய்தது ரொம்பச் சின்ன விஷயம். டேபிள் ஃபேனை எங்கள் பக்கம் இல்லாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி ஒன்றில் வைத்துவிடுகிறோம். குளிராது, 'உஸ்' என்று ஒரு சத்தம் இருக்கும். சிலர் செல்போனில் மழைச் சத்தம் போடுகிறார்கள். எதுவானாலும் காதுச் சத்தத்தை முழுங்குகிற அளவுக்குக் கூட்டாமல், அதற்கு ஒரு படி கீழேயே வைக்கச் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்து கேட்டால் மூளை பழகும் என்றார்கள். காபி, டீயை நிறுத்தினால் சரியாகும் என்று யாரோ சொல்லி ஒரு மாதம் விட்டுப் பார்த்தேன், எனக்குத் தலைவலிதான் வந்தது. இப்போது குடிக்கிறேன்.

இனி மில். காதில் பஞ்சு வைத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. பஞ்சு ஒன்றுக்கும் ஆகாது. செல்போனில் சத்தத்தின் அளவை டெசிபல் கணக்கில் காட்டுகிற ஆப் இறக்கி மிளகாய் மெஷின் பக்கத்தில் வைத்தேன், 94 காட்டியது. செல்போன் கணக்கு கூடக் குறைய இருக்கும், ஆனாலும் ஒரு யோசனை கிடைக்கும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை பார்க்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒரே மணி நேரம். நாங்கள் அதற்குப் பக்கத்தில் பத்து மணி நேரம் நிற்கிறோம். மெக்கானிக்கைக் கூப்பிட்டு பேரிங் மாற்றி, பெல்ட் மாற்றி, மெஷின் காலுக்கடியில் தடித்த ரப்பர் போட்டதில் 89-க்கு வந்தது. அப்படியும் மூன்று மணி நேரக் கணக்குத்தான், அதனால் மெஷின் ஓடும்போது காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு, காதை மூடுகிற மஃப் போட்டுக்கொள்கிறேன். வேலைக்கு இருக்கிற பையனுக்கு ஃபோம் பிளக். அதை அப்படியே திணித்தால் பயன் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு விரலில் மெல்லிய திரி மாதிரி உருட்டி, இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். முதல் வாரம் பையன், "அக்கா, செவுடு மாதிரி இருக்கு" என்றான். அப்படி இருந்தால்தான் சரியாகப் போட்டிருக்கிறாய் என்றேன். ஆனால் மெஷின் நின்றதும் கழற்றிவிட வேண்டும். அமைதியான இடத்திலும் காதை அடைத்துக்கொண்டே இருந்தால் மூளை இன்னும் தீட்டிக்கொள்ளும். நான் சத்தத்துக்குப் பயந்து கல்யாணத்துக்கெல்லாம் பஞ்சோடு போய்க்கொண்டிருந்தேன், அது எதிர்மாறான வேலை.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது. இதை எழுதும்போது கேட்கிறது, எழுதுவதாலேயே கேட்கிறது. காய்ச்சல் வந்தால், தூக்கம் கெட்டால், கடைப் பையனோடு சண்டை போட்டால் கூடும். இரண்டு நாளில் இறங்கிவிடும். முன்பு அப்படிக் கூடும்போது திரும்ப முதலிலிருந்தா என்று குலை நடுங்கும், இப்போது எரிச்சல் வருகிறது, அவ்வளவுதான். சில நாள் சாயங்காலம் வரை அது ஞாபகத்துக்கே வருவதில்லை.

போன மார்கழியில் ஒரு ராத்திரி முழிப்பு வந்தது. 'கொய்ங்' என்று நல்ல சத்தம். சரி, நம்ம ஆள்தான், இன்றைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். நல்ல தூக்கமும் வந்தது. நாலு மணிக்கு மாடி வீட்டு அக்கா கதவைத் தட்டினார். ராத்திரி எங்கள் வீட்டுக்காரர் போட்ட மோட்டாரை அணைக்க மறந்திருக்கிறார், டேங்க் நிறைந்து வழிந்து அந்த அக்கா மொட்டை மாடியில் கட்டியிருந்த துணியெல்லாம் தொப்பலாகிவிட்டது. "ரெண்டு மணியிலேர்ந்து ஓடுது, உனக்குக் கேக்கவே இல்லியா?" என்றார். கேட்டது அக்கா என்றேன்.